கணினி விளையாட்டுகளில் உணவு பற்றிய நகை: தோற்றமும் திரிபும்

மெய்ப்பாடு எட்டனுள் முதற்கண் வைத்து எண்ணப்பெற்றது நகை. அஃது எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் எனத் தொல்காப்பியர் வகுத்தார். செய்யுளையும் கூத்தையும் கருதி வகுத்த இவ்விலக்கணம், அவர் காலத்தில் இல்லாத கலைகளுக்கும் பொருந்துமா என ஆராய்ந்து பார்ப்பது பயனுடைய முயற்சியே. அம்முயற்சிக்கு யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது மிகச் சிறிய ஒரு பொருள்: கணினி விளையாட்டுகளில் உணவை முன்னிட்டு எழும் நகை எங்ஙனம் தோன்றிற்று என்பது. பொருள் சிறிதாயினும் அதனுள் அடங்கிய வினா சிறிதன்று. பசியென்பதே அறியாத பொறியொன்று சோற்றைப் பற்றிப் பேசுங்கால் நாம் ஏன் சிரிக்கிறோம்? சிரிப்புக்கு உரியது யார்? அதனை எழுதியவரா, ஆடுபவரா, அன்றிப் பொறியேயா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வழங்கிவரும் இரு கருத்துகள்

இந்நகையின் தோற்றம் பற்றி இரு கருத்துகள் பரவலாக வழங்குகின்றன. ஒரு சாரார் 1980-இல் ஜப்பானிய நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாத்தானி உருவாக்கிய 'பாக்-மேன்' என்னும் விளையாட்டைச் சுட்டுவர். மற்றொரு சாரார் 2007-இல் அமெரிக்க வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'போர்ட்டல்' என்னும் விளையாட்டில் வரும் கேக்கினைச் சுட்டுவர்.

முதற்கருத்துக்குச் சார்பாகச் சில சான்றுகள் உண்டு. ஒரு துண்டு எடுக்கப்பெற்ற பிட்சாவே பாக்-மேனின் வடிவத்துக்கு வித்து என்பர். வாயைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தின் சதுர வடிவை வளைத்து அமைத்ததும் அதற்குக் காரணம் என இவாத்தானியே கூறியுள்ளார். பெயரும், உண்ணும்போது வாய் திறந்து மூடும் ஒலியைக் குறிக்கும் 'பாக்கு பாக்கு' என்னும் இரட்டைக்கிளவியிலிருந்து பிறந்ததே. எனினும் அவ்விளையாட்டில் உண்ணுதல் ஒரு வினை, அவ்வளவே. அங்கே பசி இல்லை, சுவை இல்லை, உணவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செர்ரிப் பழமும் ஸ்ட்ராபெரிப் பழமும் தோன்றுவது எண்ணிக்கையைக் கூட்டுதற்கே. உண்ணுதல் உண்டு, உணவு பற்றிய உரை இல்லை என்னுமிடத்து, களிப்பு உண்டெனலாம். நாம் தேடும் நகை உண்டெனல் இயலாது.

இரண்டாம் கருத்து, புகழை முதன்மை எனக் கொண்டதால் நேர்ந்த பிழை. போர்ட்டல் தோன்றுதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்னரே இந்நகை முழு வளர்ச்சி பெற்றிருந்தமையை இனிக் காண்போம்.

2. தட்டெழுத்து விளையாட்டில் முதல் நகை

1970-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வில் கிரௌதர் என்பார், குகையொன்றில் உலவிப் புதையல் தேடும் 'அட்வென்ச்சர்' என்னும் விளையாட்டை எழுதினார். 1977-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டான் வுட்ஸ் அதனை விரித்து எழுதினார். அதில் படம் இல்லை. ஆடுபவர் ஓரிரு சொற்களைத் தட்டெழுதுவார். பொறி எழுத்தாலேயே விடை கூறும். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே அப்பொறி நோக்கும். அதன் அறிவின் எல்லை அத்துணைக் குறுகியது.

அவ்விளையாட்டின் தொடக்கத்தில் ஊற்று வீடொன்றில் சுவையான உணவு சிறிது கிடக்கும். கையிற் கிடைத்த உணவை யாருக்கும் ஊட்டிப் பார்க்கலாம் என ஆடுபவர் எண்ணுவது இயல்பு. குள்ளர்க்கு ஊட்ட முயன்றால், குள்ளர் கரியை மட்டுமே உண்பர் என்பதனை அறியாத மூடனே, அவனை மேலும் சினமூட்டிவிட்டாய் எனப் பொறி கடியும். பாலங் காக்கும் பூதத்துக்கு ஊட்ட முயன்றால், பெருந்தீனி அதன் குற்றங்களுள் ஒன்றன்று, பேராசையே அதன் குற்றம் எனத் திருத்தும். பாம்புக்கு ஊட்ட முயன்றால், அது விரும்பி உண்பதற்குரிய பொருள் ஈண்டு எதுவுமில்லை, ஒருவேளை உன்னைத் தவிர என்று சொல்லும். உண்ணத்தகாத பொருளை உண்ணுமாறு ஆடுபவர் ஏவினாலோ, எனக்குப் பசியே அற்றுப்போயிற்று என்று வெறுப்புடன் கூறும். ஆடுபவர் அவ்வுணவைத் தாமே உண்டுவிட்டால், மிகச் சுவையாயிருந்தது, நன்றி என்னும் விடை வரும். ஆனால் அந்நன்றியின் விலை பெரிது. குகையின் உட்புறத்தே பொற்சங்கிலியாற் கட்டுண்ட கரடி ஒன்று உளது. அதனைப் பழக்குதற்கு வேண்டியது அவ்வுணவே. உண்டவர் சங்கிலியை இழப்பர்.

இவ்விடைகளை வெறும் வேடிக்கை எனக் கழித்தல் தகாது. இவை எழுந்த காரணத்தை நோக்க வேண்டும். ஆடுபவர் எதனை எதற்கு ஊட்டுவார் என முன்னரே வரையறுத்தல் எழுதுபவர்க்கு இயலாது. பொறியோ தான் கற்பிக்கப்பெற்ற சிலவற்றையன்றிப் பிறிதொன்றும் அறியாது. அவ்விடத்து எழுதுபவர்க்கு இரண்டே வழிகள் உள்ளன. 'எனக்கு விளங்கவில்லை' எனப் பொறியின் எல்லையை வெளிப்படக் கூறுதல் ஒன்று. அவ்வெல்லையின்மீது ஒரு நகைச்சொல்லைத் திரையாக இடுதல் மற்றொன்று. வுட்ஸ் போன்றோர் இரண்டாம் வழியை மேற்கொண்டனர். எனவே இந்நகை அணிக்காகச் சேர்த்ததன்று. பொறியின் இயலாமையை மறைத்தற்கு நெய்த திரை. இதுவே இவ்வாராய்ச்சியின் முதற்படி.

3. பசியும் மடமையும்

அடுத்த படியினை 1980-ஐ ஒட்டித் தோன்றிய 'ரோக்' என்னும் விளையாட்டிற் காண்கிறோம். மைக்கேல் டாய், கிளென் விக்மன் இருவரும் தொடங்க, கென் ஆர்னால்டு பின்னர்ச் சேர்ந்தார். நிலவறை ஒன்றில் அடுக்கடுக்காக இறங்கிச் செல்லுதல் இதன் பொருள். ஆடுபவர் ஓரிடத்தே நெடிது தங்காது கீழ்நோக்கிச் செல்லுமாறு செய்தற்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. அக்கருவியே பசி. வயிறு கொள்ளும் அளவு 2000 எனவும், ஒருமுறை உண்டால் ஏறத்தாழ 1300 கூடும் எனவும் வகுத்து, அடிதோறும் அது குறைந்துவருமாறு அமைத்தனர். ஆகவே அங்கே பசி என்பது கடிகாரத்துக்கு இட்ட மறுபெயர்.

கடிகாரத்துக்குப் பசி என்று பெயரிட்டவுடன் நகைக்கு வாயில் திறந்துவிடுகிறது. உணவை உண்டால் பெரும்பாலும் 'சுவை நன்று' என்னும் விடை வரும். பத்தில் ஏறத்தாழ மூன்று முறை, 'சீ, இவ்வுணவு கொடிது' என்று வரும். அவ்வாறு கொடிய உணவை உண்டவர்க்கு அனுபவம் ஒன்று கூடும் என்பதே வியப்பு. அனுபவம் என்பது அவ்விளையாட்டிற் பகைவரை வென்று ஈட்டும் எண். கெட்ட சோறு உண்பதும் ஓர் அனுபவமன்றோ எனச் சொல்லின் இருபொருளையும் கணக்கில் ஏற்றிய இந்நகை, ஒரு சொல்லும் மிகையின்றி அமைந்தது. விடையில் அந்நகை விளக்கப்படவில்லை. எண் கூடியதைக் கவனித்தவரே சிரிப்பர்.

இதனினும் ஆழமானது பழத்தின் செய்தி. தமக்கு விருப்பமான பழத்தின் பெயரை ஆடுபவர் முன்னரே எழுதிவைக்கலாம். நிலவறையில் அப்பழம் கிடைக்கும். உண்டால் 'ஆகா, எத்துணைச் சுவையான பழம்' என அப்பெயரையே கூறிப் பொறி மகிழும். ஆடுபவர் ஒரு பெயரும் எழுதாவிடின், அழுகிய கட்டைகளில் வழுவழுப்பாகப் படரும் ஒருவகைச் சிற்றுயிரின் பெயரையே எடுத்துக்கொள்ளும். மாம்பழம் என எழுதியவர்க்கு மாம்பழம் சுவைக்கும். செருப்பு என எழுதியவர்க்குச் செருப்பும் அவ்வாறே சுவைக்கும். பொறிக்கு இரண்டும் ஒன்றே.

ஈண்டு, மடமை என்னும் சொல்லுக்கு உரைமரபில் வழங்கும் பொருளை நினைவுகூர்தல் வேண்டும். பேதைமை என்பது அறியாமை. மடமை என்பது, பிறர் அறிவுறுத்தியதைக் கொண்டு, கொண்டதனை விடாதிருத்தல். இவ்விரண்டின் வேறுபாடு நுட்பமானது. மாந்தரிடத்து இவ்விரண்டும் பெரும்பாலும் கலந்தே காணப்படும். கலப்பற்ற மடமையைக் காண வேண்டின் கணினியிடத்தே காணலாம். அது கற்பித்ததைக் கொள்ளும், கொண்டதை விடாது. செருப்பைப் பழம் என்று கற்பித்தால் செருப்பின் சுவையைப் பாராட்டும். எனவே, ரோக் விளையாட்டின் பழநகை மடமையை நிலைக்களனாகக் கொண்டது என்பது பெறப்படும். உணவு இதற்குச் சிறந்த பொருளாயிற்று ஏன் எனின், எது உண்ணத்தக்கது, எது தகாதது என்பதைக் கைக்குழவியும் விரைவில் அறிந்துகொள்ளும். பொறி ஒருநாளும் தானே அறியாது. மாந்தர்க்கும் பொறிக்கும் உள்ள இடைவெளி, வேறெப்பொருளிலும் இத்துணை வெளிப்படையாகப் புலப்படாது.

வாக்கியங்களை எழுதியவர் மாந்தராதலின் நகையும் அவருடையதே, அஃது எள்ளலின்பாற்படும் எனச் சிலர் தடை எழுப்பக்கூடும். வாக்கியம் எழுதியவருடையது என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் செருப்பு என்னும் சொல்லை எழுதியவர் ஆடுபவர். அதனை ஆராயாது ஏற்றுக்கொண்டது பொறி. எழுதியவர் அச்செருப்பைக் கனவிலும் கண்டிலர். ஆதலின் நகை நிகழும் இடம் பொறியின் மடமையே.

இதன் வழிவந்த 'நெட்ஹேக்' 1987-இல் வெளிவந்தது. அதில் கீரை அடைத்த தகரக்குவளையை உண்டால் வலிமை கூடும்; அமெரிக்கப் படக்கதையிற் கீரை உண்டு வலிமை பெறும் பாப்பாய் என்னும் மாலுமியைப் பொறி நினைவூட்டும். மடித்த பிஸ்கட்டினுள் வைத்த சீட்டில் வதந்திகள் எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் மெய்யும் பொய்யும் விரவியிருக்கும். இவை நூலறிவைச் சார்ந்த நகைகள். இவற்றின் இன்பம் பாப்பாயை முன்னரே அறிந்தவர்க்கு மட்டுமே உரியது. பழநகையோ முன்னறிவு எதனையும் வேண்டாது. முன்னதைக் காட்டிலும் பின்னதே சிறந்தது என்பது எம் கருத்து.

4. தேநீரும் தேநீரின்மையும்

மடமையை அறிந்தே கையாண்டு கலையாக்கியவர் ஆங்கில நூலாசிரியர் டக்ளஸ் ஆடம்ஸ். விண்வெளிப் பயணம் பற்றிய தம் நகைச்சுவைக் கதையை ஸ்டீவ் மெரெட்ஸ்கியுடன் சேர்ந்து 1984-இல் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக விளையாட்டாக ஆக்கினார். அதில் ஆடுபவரின் உடைமைப் பட்டியலில் 'தேநீரின்மை' என ஒரு பொருள் காணப்படும். இல்லாத ஒன்றும் பட்டியலில் ஒரு பொருளாக நிற்கிறது. பின்னர்த் தேநீரையும் தேநீரின்மையையும் ஒருங்கே வைத்திருப்பவர்க்கே அறிவுடையோர் எனக் கருதி ஒரு கதவு வழிவிடும். அந்நிலையை எய்த, ஆடுபவர் தம் மூளையினுட் புகுந்து பொதுவறிவினை எடுத்து எறிய வேண்டும்.

பொறிக்கு உலகம் என்பது பட்டியலே. பட்டியலில் எழுதப்பெற்றது உளது, எழுதப்பெறாதது இலது. 'இன்மை' என்று எழுதிவிட்டால் இன்மையும் உளதாகிவிடும். இம்மடமையை ஆடம்ஸ் நன்கு அறிந்திருந்தார். ரோக் விளையாட்டில் இயல்பாய் அமைந்த குறை, அவர் கையில் அளவை நூலாரும் மகிழத்தக்க விடுகதை ஆயிற்று. தேநீருக்கு ஏங்கும் ஆங்கிலேயன் ஒருவனே அதன் தலைவன் ஆதலின், அவ்வின்மை நெஞ்சையும் தொடுகிறது.

5. ஆடுபவரிடத்துத் தோன்றும் நகை

நகை தன்கண் தோன்றுதலும் பிறன்கண் தோன்றுதலும் உடைத்து என்று உரைமரபு கூறும். எழுதியவர் கருதாத இடத்தும் ஆடுபவரிடத்து நகை தோன்றியதற்குச் சான்றுகள் உள்ளன.

1985-இல் அட்டாரி கேம்ஸ் நிறுவனத்தில் எட் லாக் உருவாக்கிய 'காண்ட்லெட்' காசிட்டு ஆடும் பொறி. நால்வர் ஒருங்கே ஆடலாம். உயிரளவு நொடிதோறும் தேயும். காசு இட்டால் கூடும். உணவு கிடைத்தாலும் 100 கூடும். பசி இங்கே கடிகாரம் மட்டுமன்று, உண்டியலும் ஆகும். மந்திரவாதிக்கு உணவு மிகவும் தேவை எனக் கனத்த குரல் ஒன்று அறிவிக்கும். ஆடுபவர் ஒருவர் உணவின்மீது தவறி அம்பெய்து அழித்துவிட்டால் அதனையும் அக்குரல் பலர் கேட்கக் கூறிவிடும். அரசவைக் கட்டியங்காரனின் பெருமிதக் குரலிற் சோற்றுச் செய்தி கூறப்படுவதே நகைக்கு ஏது. அக்குரல் ஒருவரைப் பெயர் சுட்டிக் குற்றஞ்சாட்டும்போது, தோழர் மூவரும் அவரைப் பார்த்து நகைப்பர். பொறியின் உரை மாந்தரிடையே எள்ளலை மூட்டுகிறது.

1986-இல் கோனாமி நிறுவனம் வெளியிட்ட 'காசில்வேனியா' இன்னும் சுவையான சான்று. இரத்தக் காட்டேரியாகிய டிராகுலாவின் கோட்டைச் சுவரைச் சாட்டையால் அடித்து உடைத்தால், உள்ளே சுட்ட இறைச்சி தட்டுடன் கிடைக்கும். எடுத்தால் உயிரளவு கூடும். அமைத்தவர்க்கு அது பயன் கருதி வைத்த ஒரு குறியே. ஆடியவரோ, சுவரினுள் இறைச்சியை வைத்துப் பூசியவர் யார், அஃது எத்தனை நூற்றாண்டு அங்குக் கிடந்தது, அதனை எடுத்து உண்ணும் வீரனின் வயிறு எத்தகையது என வினவத் தொடங்கினர். ஆடுவோர் வழக்கில் 'சுவர்க்கோழி' என்னும் பெயரே தோன்றிவிட்டது. விளையாட்டில் ஒரு சொல்லும் இல்லை. நகை முழுவதும் வாசகருடையது. வீரனின் பேதைமையையும் பொறியின் மடமையையும் கண்டு ஆடுபவர் சிரிக்கிறார். அவ்வீரனை இயக்கி அவ்விறைச்சியை உண்பித்தவர் தாமே என்பதனையும் உடன் உணர்கிறார். பிறன்கண் தோன்றிய நகை தன்கண் திரும்புகிறது.

6. மடமை எள்ளலாக மாறுதல்

பொறிகளின் ஆற்றல் பெருகிய பின்னர் இயல்பான மடமை மறைந்துவந்தது. அதனை வேண்டுமென்றே புனைந்து காட்டும் நிலை வந்தது. 1990-இல் ரான் கில்பர்ட் முதலியோர் லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்துக்கு எழுதிய 'மங்கி ஐலண்ட்' விளையாட்டில் கடற்கொள்ளையர் அருந்தும் 'கிராக்' இதற்கு எடுத்துக்காட்டு. கிராக் என்பது மெய்யான மது. 1740-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் வெர்னன் மாலுமிகட்கு ரம் மதுவில் நீர் கலந்து கொடுக்க ஆணையிட்டதனின்று தோன்றியது. விளையாட்டிற் கூறப்பெறும் சேர்மானமோ வேறு. மண்ணெண்ணெய், கந்தக அமிலம், மின்கல அமிலம், அச்சுக்குப் பூசும் பசை என அடுக்கி, இடையே ரம்மையும் இறுதியிற் பெப்பரோனி இறைச்சியையும் வைத்தனர். கோப்பையையே அது கரைத்துவிடும். சிறைக் கதவின் பூட்டையும் கரைக்கும்.

உண்பனவற்றையும் உண்ணாதனவற்றையும் ஒரே குரலில் அடுக்கும் இம்முறை, பழத்துக்கும் செருப்புக்கும் வேறுபாடு அறியாத ரோக் பொறியின் மடமையைப் போலச் செய்தது என்பது வெளிப்படை.

எரிக் வோல்பா முதலியோர் எழுதிய போர்ட்டலிலும் இவ்வடுக்கே வருகிறது. கிளாடோஸ் என்னும் பொறியறிவு, சோதனைகளை முடித்தால் கேக் தருவதாக ஆடுபவர்க்கு வாக்களிக்கிறது. கேக் பொய் என்று, முன்னர் அங்கு ஒளிந்து வாழ்ந்தவன் சுவரிற் கிறுக்கிவைத்திருப்பதை நாம் காண்கிறோம். பத்தொன்பதாம் அறையின் முடிவிற் காத்திருப்பது தீ. பின்னர்க் கிளாடோசின் உறுப்பொன்று கேக் செய்முறையை ஒப்பிக்கும்போது, மாவுடனும் முட்டையுடனும் உண்ணவொண்ணாதன பலவும் கலந்து வருகின்றன. உண்ணும் பொருளையே அறியாத ஒன்று நமக்கு உணவை ஆசை காட்டிற்று என்பது அப்போது விளங்குகிறது. நகையும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. மடமை போலத் தோன்றியது, தன் நோக்கத்தை நன்கறிந்த எள்ளல் என்பதனை உணர்கிறோம். தொடக்க நாளில் பொறியின் குறையை மறைக்கும் திரையாக இருந்த நகை, இங்கே பொறியின் கொடுமையை மறைக்கும் திரையாயிற்று. இம்மாற்றமே போர்ட்டலின் தனிச்சிறப்பு. தோற்றம் அதற்கு உரியதன்று.

7. திரிபு

கேக் பொய் என்னும் தொடர் இணையமெங்கும் பரவிப் பழமொழி போலாயிற்று. பரவியபோது அதன் பாதி உதிர்ந்தது. விளையாட்டின் முடிவில், திரை கீழிறங்கிச் சென்று இருண்ட அறையொன்றைக் காட்டும். அங்கே மெழுகுதிரி ஏற்றிய கேக் ஒன்று மெய்யாகவே இருக்கிறது. பொறிக்கை ஒன்று வந்து அத்திரியை அணைக்கிறது. எனவே கேக் பொய்யன்று. கேக் உளது, உண்பவர்தாம் இல்லை. இக்காட்சியின் துயரத்தைப் பழமொழியாக்கியவர் மறந்தனர். இடத்தினின்று பிரிக்கப்பட்ட நகை சிரிப்பை மட்டும் தரும், பொருளைத் தராது.

இதனினும் வியப்பான திரிபு 2009-இல் அர்செந்தீனாவில் நிகழ்ந்தது. அந்நாட்டுத் தொலைக்காட்சி ஒன்று, கிராக் என்னும் கொடிய பானம் இளைஞரிடையே பரவுவதாக எச்சரித்து, மங்கி ஐலண்ட் விளையாட்டின் சேர்மானத்தையே மெய்யெனக் காட்டிற்று. மின்கல அமிலத்தைக் குடிப்பவர் உயிரோடிரார் என்னும் எண்ணம் செய்தி ஆக்கியோர்க்குத் தோன்றவில்லை. கிடைத்ததைக் கொண்டு, கொண்டதை விடாதிருந்தனர். ரோக் பொறி செருப்பைப் பழமெனக் கொண்டது போன்றே மாந்தரும் செய்தனர். மடமை பொறிக்கு மட்டும் உரியதென்று இறுமாத்தல் கூடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கணினி விளையாட்டுகளில் உணவு பற்றிய நகை 1977-ஐ ஒட்டித் தட்டெழுத்து விளையாட்டிற் பொறியின் இயலாமையை மறைக்கும் திரையாகத் தோன்றியது என்பதும், ரோக் விளையாட்டில் மடமையை நிலைக்களனாகக் கொண்டு முழுமை பெற்றது என்பதும், ஆடுபவரிடத்துத் தானே கிளைத்தது என்பதும், பின்னர் எள்ளலாகப் புனையப்பெற்றது என்பதும் விளங்கும். புகழ் பெற்ற ஒன்றை முதலெனக் கொள்ளும் வழக்கம் இத்துறையிலும் வரலாற்றை மறைத்துவிட்டது.

மடமை என்னும் நான்காம் நிலைக்களனைத் தொல்காப்பியர் பேதைமையினின்று பிரித்து ஓதியதன் அருமையை, பொறியின் நகையைக் கண்ட பின்னரே யாம் தெளிவாக உணர்ந்தோம். இன்றைய பொறிகள் நம்மோடு உரையாடவே கற்றுவிட்டன. உணவின் சுவையை அவை முன்னினும் அழகாகப் புனைந்து பாராட்டுகின்றன. அப்பாராட்டைக் கேட்கும்போதெல்லாம், செருப்பைச் சுவைத்து மகிழ்ந்த அந்தப் பழைய பொறியை நினைத்துக்கொள்ளுதல் நன்று.